கறுப்புப் புகை டீசல் துளியிலிருந்து வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

காலபோகத்துக்கான புழுதி உழவு தொடங்கிவிட்ட இந்த வேளையில், உழவு இயந்திரங்களின் (ரக்ரர்களின்) கறுப்புப் புகை பற்றி உங்கள் பத்திரிகையின் விவசாயப் பக்கத்தில் வந்த குறிப்பு தேவையான ஒன்று. காற்று வடிகட்டியை நாளாந்தம் பாருங்கள் என்று அதில் எழுதியது முழுக்கச் சரி. புகைக்குச் சொன்ன காரணம் மட்டும் சரியல்ல. டீசல் துளி துளியாக எரிகிறது என்றும், துளியின் நடுப்பகுதி எரியாமல் கருகிப் புகையாகிறது என்றும், ஆகவே டீசலைப் பீச்சும் இன்ஜெக்ரரின் அழுத்தத்தைக் கூட்டித் துளியைச் சிறிதாக்க வேண்டும் அல்லது கொஞ்சம் மண்ணெண்ணெய் கலக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. பரந்தன், மல்லாவி, விசுவமடு என்று எந்தக் கராஜில் கேட்டாலும் இதே பதில்தான் கிடைக்கும். அவர்களைக் குறைசொல்ல முடியாது. 1990கள் வரை பாடப்புத்தகங்களிலும் ஏறத்தாழ இந்த விளக்கமே இருந்தது. லேசர் வெளிச்சத்தில் எஞ்சினுக்குள் படம் பிடித்துப் பார்த்த பிறகுதான் அது மாறியது. அந்தப் படங்கள் காட்டியது என்ன, அதனால் எங்கள் கராஜ்களில் மாற வேண்டியது என்ன என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இடம் தந்து உதவுங்கள்.

ஓடுகின்ற எஞ்சினுக்குள் பார்ப்பதற்கு 1961இல் ஜெனரல் மோட்டோர்ஸ் ஆய்வாளர் பிரெட் பௌடிச் வெளியிட்ட முறையே இன்றுவரை அடிப்படை. பிஸ்ரனை மேல்நோக்கி நீட்டி, உள்ளே குழாய்போல வெறுமையாக்கி, தலையில் தடித்த குவார்ட்ஸ் கண்ணாடி பதிப்பார்கள். நீட்டிய பகுதியின் பக்கத்தில் ஒரு நீள வெட்டு இருக்கும். எஞ்சின் உடலோடு பூட்டிய ஆடி ஒன்று அந்த வெட்டினூடாக உள்ளே நுழைந்து 45 பாகைச் சாய்வில் நிற்கும். பிஸ்ரன் ஏறி இறங்கும், ஆடி அசையாது. கமெரா அந்த ஆடி வழியாகக் கீழிருந்து தகன அறையைப் பார்க்கிறது. லேசர் பக்கவாட்டில், சிலிண்டரின் மேல் விளிம்பில் உள்ள சிறு ஜன்னல்கள் வழியாக நுழைகிறது. சாதாரணக் கண்ணாடி இந்த வேலைக்கு ஆகாது. புறஊதா ஒளியை விழுங்கிவிடும். சூட்டில் வெடித்தும் போகும். உருக்கிய குவார்ட்ஸ் புறஊதாவை உள்ளே விடும், சூட்டில் மிகச் சிறிதளவே விரியும். ஜன்னலில் ஒயில் படிந்தால் படம் கெடும் என்பதால், நீட்டிய பகுதியில் ஒயில் இல்லாமலே உரசக்கூடிய றிங்குகளைப் போடுவார்கள்.

அடுத்தது வெளிச்சம். நியோடிமியம் யாக் லேசரின் ஒரு துடிப்பு ஏறத்தாழ 10 நனோசெக்கன்தான் நீடிக்கும். செக்கனுக்கு 200 மீற்றர் வேகத்தில் பாயும் டீசல் தாரை அந்த நேரத்தில் 2 மைக்ரோமீற்றர் நகரும். தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கு அளவு. ஆகவே படம் கலங்குவதில்லை. லேசர்க் கற்றையை உருளை வில்லை வழியாக விட்டால் அது விரிந்து, அரை மில்லிமீற்றரிலும் மெல்லிய ஒளித்தாளாகிறது. அந்தத் தாள் தாரையின் நடுவே வெட்டிச் செல்லும் தளம் மட்டும் படத்தில் விழும். அதற்கு முன்னர் வேகக் கமெராவால் எடுத்த படங்களில் சுவாலையின் வெளிப்புறப் பிரகாசம்தான் தெரிந்தது. பலாப்பழத்தை வெளியே நின்று பார்த்தால் முள் தெரியும். சுளையைக் காணப் பிளக்க வேண்டும்.

எஞ்சினின் கிராங் தண்டு எத்தனை பாகை சுழன்றது என்று எண்ணும் கருவிதான் லேசரையும் கமெராவையும் இயக்கும். நிமிடத்துக்கு 1200 சுற்றில் ஒரு பாகை என்பது 139 மைக்ரோசெக்கன். நாலு அடிப்பு எஞ்சின் அந்த வேகத்தில் செக்கனுக்கு 10 தடவை எரியும். இந்த வேலைக்கு வழமையாகப் பாவித்த யாக் லேசரும் செக்கனுக்கு 10 துடிப்புத்தான். எனவே ஒரு தகனத்துக்கு ஒரு படம். 3 பாகையில் எடுத்ததும் 6 பாகையில் எடுத்ததும் வெவ்வேறு சுழற்சிகளுக்குரியவை. ஒவ்வொரு கோணத்திலும் பல படங்களை எடுத்து ஒப்பிட்டாலன்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. கண்ணாடி கரிபிடிக்காமலும் சூட்டில் வெடிக்காமலும் இருப்பதற்காக 10 அல்லது 20 சுழற்சிக்கு ஒரு தடவைதான் டீசலைப் பீச்சுவார்கள். இடையிலுள்ள சுழற்சிகளில் மின்மோட்டார் எஞ்சினை வெறுமனே சுழற்றும்.

லேசர் முறையின் உண்மையான பலம், தகன அறையில் உள்ள ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே பார்க்க முடிவதுதான். திரவ டீசலில் பட்ட லேசரின் பச்சை ஒளி பலமாகச் சிதறும். அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். ஆவியான டீசலில் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன. அந்தச் சிதறல் மிக நலிந்தது. ஒரு தூசி உள்ளே வந்தாலும் அதன் பளிச்சு எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்பதால் உள்ளே போகும் காற்றை மிக நுணுக்கமாக வடிகட்ட வேண்டும். சுவாலையின் ஓரத்தில் உருவாகும் ஐதரொட்சில் மூலிகத்தை 284 நனோமீற்றர் அளவிலான புறஊதாவால் தூண்டினால் அது 310 நனோமீற்றர் அளவில் புளோரொளிர்வு காட்டும். புகைக்கரிக்கு வேறு வழி. லேசர்த் துடிப்பு கரித்துகளைக் கணப்பொழுதில் 4000 கெல்வின் அளவுக்குச் சூடாக்கும். அப்போது துகள் வெண்ணிறமாக ஒளிரும். சுற்றியுள்ள சுவாலையின் மஞ்சள் ஒளியிலிருந்து இதைப் பிரிக்க, நீல வடிகட்டி போட்டு, கமெராவின் வாயிலை ஏறத்தாழ 100 நனோசெக்கனுக்கு மட்டும் திறப்பார்கள். இந்த ஒளிர்வு துகளின் விட்டத்தின் மூன்றாம் அடுக்கோடு ஏறும். சாதாரணச் சிதறலோ ஆறாம் அடுக்கோடு ஏறும். இரண்டு படங்களையும் ஒரே கணத்தில் எடுத்து ஒப்பிட்டால் எந்த இடத்தில் துகள் சிறியது, எந்த இடத்தில் பெருத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இந்த முறையில் பிழை வரக்கூடிய இடங்களும் பல. கரி அடர்ந்த தாரைக்குள் போகப் போக ஒளித்தாள் நலிவடையும். லேசர் நுழைந்த பக்கம் பிரகாசமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் தெரியும். அந்தப் பக்கத்தில் கரி இல்லை என்று எழுதிவிடக் கூடாது. கடையில் விற்கும் டீசலில் உள்ள நறுமணச் சேர்மங்கள் தாமாகவே ஒளிர்ந்து படத்தைக் குழப்பும். அதனால் ஹெக்சாடெக்கேனும் ஹெப்டாமெதில்நோனேனும் சேர்ந்த தூய கலவையைப் பாவிப்பார்கள். ஜன்னலில் ஒரு நிமிட ஓட்டத்துக்குள் படியும் மெல்லிய கரிப்படலம்கூட அளவை மாற்றிவிடும். இதற்காகவே சிலிண்டர் சுவரைக் கீழிறக்கி, தலையைக் கழற்றாமலே துடைக்கக்கூடியதாக எஞ்சினை அமைப்பார்கள்.

இந்த முறைகளை ஒரே எஞ்சினில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரயோகித்து, கலிபோர்னியாவின் லிவர்மோரில் உள்ள சாண்டியா தேசிய ஆய்வுகூடத்தின் ஜோன் டெக் 1997இல் ஒரு முழுச் சித்திரத்தை வெளியிட்டார். அது ஒரு பெரிய லொறி எஞ்சினின் ஒற்றைச் சிலிண்டர், 1200 சுற்று. பீச்சத் தொடங்கியதும் திரவத் தாரை முன்னேறி, 3, 4 பாகைக்குள் நொசிலிலிருந்து (இன்ஜெக்ரரின் துவார முனை) ஏறத்தாழ 23 மில்லிமீற்றரில் நின்றுவிடுகிறது. அதன்பின் எவ்வளவு பீச்சினாலும் திரவம் அந்த எல்லையை அதிகம் தாண்டுவதில்லை. அதற்கு அப்பால் இருப்பது முழுவதும் ஆவி. சூடான காற்றை இழுத்துக் கலந்து கலந்து டீசல் ஆவியாகிவிடுகிறது. சுவாலைக்குள் எரிகின்ற துளி என்று ஒன்றும் அங்கே இல்லை.

அந்த ஆவியில் காற்று எவ்வளவு கலந்திருக்கிறது என்பதுதான் முக்கியமான செய்தி. 1 கிலோ டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். தாரையின் முன்பகுதியில் இருப்பது அதில் கால்பங்கு முதல் அரைப்பங்கு வரைதான். இந்தப் பட்டினிக் கலவை தாரையின் குறுக்குவெட்டு முழுவதிலும் ஒருங்கே பற்றி, 1600 கெல்வின் அளவில் அரைகுறையாக எரிகிறது. பீச்சத் தொடங்கி 6 பாகை அளவில் மிக நுண்ணிய கரித்துகள்கள் அதன் குறுக்குவெட்டு முழுவதும் தோன்றுகின்றன. கரி தாரையின் ஓரத்தில் ஓடுபோல மட்டும் உருவாகிறது என்ற பழைய எண்ணம் இந்தப் படங்களோடு முடிந்தது. கிட்டத்தட்ட அதே நேரத்தில், தாரையைச் சுற்றி மெல்லிய உறைபோல ஒரு சுவாலை அமைகிறது. அங்கே 2700 கெல்வின். உள்ளிருந்து வரும் அரைகுறை வாயுவும் கரியும் வெளிக்காற்றைச் சந்தித்து முற்றாக எரிவது அந்த உறையில்தான். நைதரசன் ஒட்சைட்டு உருவாவதும் அந்த உறையின் சூடான வெளிப்பக்கத்திலும் எரிந்து முடிந்த வாயுவிலும். துகள்கள் தாரையின் தலைப்பகுதியிலுள்ள சுழிக்குள் போய்ச் சேரும்போது பெருத்துவிடுகின்றன. 2017இலிருந்து சாண்டியாவில் நொசில் துவாரத்துக்கு முன்னே சிறு குழாய் வைத்து, எரியுமுன் காற்றை நன்றாகக் கலக்கவிட்டுக் கரியைப் பெருமளவு குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். பன்சன் சுடரடுப்பின் குழாயிலிருந்து வந்த யோசனை அது.

ஆக, நல்ல எஞ்சினிலும் கெட்ட எஞ்சினிலும் கரி பிறக்கிறது. நல்ல எஞ்சினில் அது உள்ளேயே எரிந்து தீர்ந்துவிடுகிறது. சைலன்சரில் நாம் காணும் கறுப்பு, எரிந்து தீராமல் தப்பி வந்த மிச்சம். 2000 சுற்றில் ஓடும் ரக்ரரில் பிஸ்ரன் தன் உச்சிப் புள்ளியைத் தாண்டியதிலிருந்து வெளியேற்று வால்வு திறக்கும்வரை ஏறத்தாழ 120 பாகை; அதாவது 10 மில்லிசெக்கன். அதற்குள்ளும் வெப்பநிலை 1300 கெல்வின் அளவுக்குக் கீழே விழுந்துவிட்டால் கரி எரிவது நின்றுபோகும். புகையைக் குறைக்கும் வழி எதுவானாலும் இந்தச் சிறு நேரத்துக்குள் கரிக்குப் போதிய காற்றும் சூடும் கிடைக்கச் செய்வதாகத்தான் இருக்க முடியும்.

இனி அழுத்தம் பற்றிய நம்பிக்கைக்கு வருகிறேன். அதே சாண்டியாவில் டெனிஸ் சீபர்ஸ் 1998இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, திரவம் எட்டும் தூரம் பீச்சும் அழுத்தத்தால் பெரிதாக மாறுவதில்லை. அது நொசில் துவாரத்தின் விட்டத்தோடு நேராக மாறும். உள்ளே காற்றின் சூடும் அடர்த்தியும் கூடினால் குறையும். 0.30 மில்லிமீற்றர் துவாரம் தேய்ந்து 0.36 ஆகிவிட்டால் திரவம் 20 சதவீதம் கூடுதல் தூரம் போகும். இன்ஜெக்ரரின் ஸ்பிரிங்கை இறுக்கும் மெல்லிய தகடான ஷிம்மைப் போட்டு அழுத்தத்தைக் கூட்டினால் இது சரியாகாது. பீச்சும் அழுத்தம் கூடினால் கரி குறைவது உண்மைதான்: தாரை வேகமாகப் பாயும்போது சுவாலை நொசிலிலிருந்து இன்னும் தள்ளி நிற்கும், எரியுமுன் கூடுதல் காற்று கலக்கும். ஆனால் கராஜில் ஷிம் போட்டு மாற்றுவது பீச்சும் அழுத்தத்தை அல்ல; நொசிலுக்குள் உள்ள ஊசி எப்போது எழும்ப வேண்டும் என்ற திறப்பு அழுத்தத்தைத்தான். பழைய நேரடிப் பீச்சு ரக்ரர்களில் அது பெரும்பாலும் பார் என்ற அழுத்த அலகில் 180 முதல் 220 வரை. 0.1 மில்லிமீற்றர் ஷிம் ஏறத்தாழ 10 பார் மாற்றும். ஊசி திறந்த பிறகு தாரையின் வேகத்தைத் தீர்மானிப்பது பம்பில் டீசலைத் தள்ளும் பிளஞ்சரும் அதை அசைக்கும் கேமும் துவாரத்தின் அளவும். கையேட்டு அளவுக்கு மேலே 30 பார் ஏற்றினால் பீச்சல் சற்றுப் பிந்தும். பிந்தினால் மேலே சொன்ன 10 மில்லிசெக்கனில்தான் வெட்டு விழும்.

ஆகவே புகைக்கிற ரக்ரரில் முதலில் பார்க்க வேண்டியது காற்று. சோளகக் காற்றில் கிரவல் வீதிப் புழுதியும் புழுதி உழவும் சேர்ந்தால் ஒயில் ஊற்றிய காற்று வடிகட்டியின் கிண்ணம் சில நாட்களிலேயே சேறாகிவிடும். உழவுக் காலத்தில் தினமும் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். அடியில் ஒரு சென்ரிமீற்றர் சேறு தட்டினால் ஒயிலை மாற்றி, குறி போட்ட மட்டம்வரை மட்டும் ஊற்றுங்கள். மட்டத்துக்கு மேலே ஊற்றினால் எஞ்சின் அந்த ஒயிலையே இழுத்து எரிக்கும். கடதாசி வடிகட்டியானால் ரயரில் தட்டாதீர்கள்; மடிப்பு கிழியும். உள்ளிருந்து வெளியே, 2 பாருக்கு மேற்படாத காற்றால் ஊதுங்கள்.

இரண்டாவது, பம்பின் உச்ச எரிபொருள் திருகு. சுழல் கலப்பை இழுக்கவில்லை என்று சீலை உடைத்து அந்தத் திருகைத் திருப்புகிற பழக்கம் வன்னி முழுவதும் இருக்கிறது. கூட்டிய டீசல் பீச்சலின் கடைசியில்தான் சேரும். அதற்கென்று உள்ளே காற்றும் மிச்சமில்லை, எரிந்து முடிய நேரமும் இல்லை. கொஞ்சம் இழுவை கூடும், மிகுதி கறுப்பாகப் போகும், பிஸ்ரன் தலையும் வெளியேற்று வால்வும் அளவுக்கு மேல் சூடேறும். பம்பைக் கழற்றிப் பூட்டும்போது விளிம்பிலுள்ள நேரக்குறி சற்று விலகியிருந்தாலும் இதே கதைதான்.

மூன்றாவதாகத்தான் நொசில். சோதிக்கும்போது மானியில் அழுத்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பக் கூடாது. திறப்பு அழுத்தத்துக்கு 20 பார் குறைவாக 10 செக்கன் பிடித்து வைத்தால் முனையில் துளி திரளக் கூடாது. பீச்சி முடிந்ததும் முனை உலர்ந்திருக்க வேண்டும். கடைசியில் சொட்டுகிற நொசில், வேகமில்லாமல் பெரிய துளிகளாக விடும் டீசல் காற்றோடு சரியாகக் கலப்பதே இல்லை; புகையும் நாற்றமும் அதிலிருந்து. அடைத்த துவாரத்தை எந்தக் கம்பியாலும் குத்தித் திறக்காதீர்கள். துவாரத்திலும் மெல்லிய, அதற்கென்றே உள்ள ஊசி வேண்டும். ஒரு தடவை நீள்வட்டமாகிவிட்ட துவாரம் திரும்ப வட்டமாகாது.

அதோடு ஒரு சின்னப் பிழையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை யாரும் சந்தேகிப்பதில்லை. இன்ஜெக்ரரைக் கழற்றும்போது பழைய செம்பு வாஷர் சில வேளை தலைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். கறுத்துப்போய் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் புது வாஷரைப் போட்டுப் பூட்டினால் நொசில் முனை ஒரு வாஷரின் தடிப்பளவு மேலே நிற்கும். தாரைகள் பிஸ்ரன் கிண்ணத்தின் சுவரில் விழ வேண்டிய இடத்தில் விழாமல் விளிம்பில் மோதி, பிஸ்ரனுக்கும் தலைக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய இடைவெளிக்குள் சிதறும். கரி அங்கே குளிர்ந்த உலோகத்தில் மோதி எரியாமல் தங்கிவிடும். புது நொசில் போட்டும் புகைக்கிறது என்று வருகிற எஞ்சினில் முதலில் ரோர்ச் அடித்து வாஷரை எண்ணுங்கள்.

மண்ணெண்ணெய் விடயத்தில் குறிப்பு எழுதியவரோடு நான் உடன்படவே மாட்டேன். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டியது எமது மக்களின் கெட்டித்தனம். அன்று வேறு வழி இருக்கவில்லை. டீசல் பம்பு வேறு விடயம். அதன் பிளஞ்சருக்கும் நொசில் ஊசிக்கும் மசகு அவை தள்ளுகிற டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்பு போதாது. பிளஞ்சர் கீறி, சூடான எஞ்சின் திரும்ப ஸ்ரார்ட் ஆகாத நிலைக்கு வரும். கலந்தால் புகை குறைகிறதே என்றால், குறைவது உண்மை. காரணத்தைப் பாருங்கள்: டீசலின் அடர்த்தி 0.84 அளவு, மண்ணெண்ணெய் 0.80 அளவு. பம்பு கனவளவால் அளந்து தள்ளுகிறது. கூடக் கலக்கக் கலக்க உள்ளே போகும் எடை குறைகிறது. நீர்த்த எண்ணெய் பிளஞ்சர் இடைவெளியால் கூடுதலாகக் கசியவும் செய்கிறது. எரிபொருள் திருகைச் சற்றுக் குறைத்தாலே இந்தப் பலன் பம்பைக் கெடுக்காமல் கிடைத்துவிடும்.

காலையில் வரும் வெள்ளைப் புகை வேறு. குளிர்ந்த எஞ்சினில் காற்று போதிய சூடாவதில்லை. திரவம் கூடுதல் தூரம் போய்ச் சுவரை நனைக்கிறது. சில நிமிடம் சுமையில்லாமல் ஓடவிட்டபின் வயலில் இறக்கினால் அது தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் கொம்பிரஷனைச் சோதியுங்கள்.

இந்த லேசர்ச் சித்திரத்தை அப்படியே எல்லா எஞ்சினுக்கும் பொருத்திவிடவும் கூடாது. தோட்டங்களில் பாவிக்கும் பல ஒற்றைச் சிலிண்டர் இயந்திரங்களில் டீசல் முதலில் சிறு முன்னறைக்குள் பீச்சப்பட்டு, அங்கிருந்து எரிந்தபடி பெரிய அறைக்கு வருகிறது. அவற்றில் தாரையின் வடிவம் வேறு. திறப்பு அழுத்தமும் 120 முதல் 140 பார் அளவுதான். கண்ணாடி எஞ்சினுக்கும் இடுக்குகள் பெரிது, சுவர்ச் சூடு வேறு, கிண்ணத்தின் அடி தட்டை. கரி எங்கே பிறந்து எங்கே எரிகிறது என்ற ஒழுங்கு நேரடிப் பீச்சு ரக்ரர்களுக்குப் பொருந்தும். மில்லிமீற்றர்க் கணக்கை அப்படியே எடுக்க முடியாது.

இப்படியான முழு ஆய்வுக்கூடம் வன்னியில் உடனடியாக அமைவது கடினம். தமிழ்நாட்டில் சென்னை ஐ.ஐ.டி.யில் தகன ஆய்வுக்கென்றே தேசிய மையம் இருக்கிறது. எமது மாணவர்கள் அதை அறிந்திருப்பது நல்லது. ஆனால் ஒளித்தாளால் தாரையைப் பார்க்கும் முதற்படியைக் கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியல் பீடமோ, அருகிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமோ எளிய பொருட்களைக் கொண்டு செய்துவிடலாம்.

தேவையானவை: கையால் அடிக்கும் நொசில் சோதனைப் பம்பு ஒன்று, 60 சென்ரிமீற்றர் நீளமான மீன் தொட்டி, 5 மில்லிவாற்றுப் பச்சை லேசர், 5 அல்லது 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள வழுவழுப்பான கண்ணாடிக் கோல், கறுப்புத் துணி, தாங்கியில் பூட்டிய கைத்தொலைபேசி. லேசர்க் கற்றையைக் கிடையாகப் பிடித்த கண்ணாடிக் கோலின் குறுக்கே விட்டால் அது நிலைக்குத்தான தாளாக விரியும். தாளின் தடிப்பு 1, 2 மில்லிமீற்றர் வரும்; இந்த வேலைக்குப் போதும். அந்தப் பச்சையும் ஆய்வுகூட லேசரின் பச்சையும் ஒரே 532 நனோமீற்றர்தான். பலத்தில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்: 100 மில்லிஜூல் துடிப்பு 10 நனோசெக்கனில் வந்தால் அந்தக் கணத்தில் 10 மெகாவாற்று.

நொசிலைத் தொட்டிக்கு மேலே, முனை கீழ்நோக்க, அச்சு ஒளித்தாளுக்குள் வரும்படி பொருத்துங்கள். தொட்டிச் சுவர்களில் பஞ்சு வையுங்கள். தாரை மோதித் திரும்பாது. தாள் இருக்கும் தளத்தில் ஒரு அடிமட்டத்தைப் பிடித்து முதலில் ஒரு படம் எடுத்து, அதிலேயே தொலைபேசியின் குவியத்தைப் பூட்டிவிடுங்கள். வெளிச்ச அளவையும் கையால் பூட்ட வேண்டும். தானியங்கியில் விட்டால் தாரை வெள்ளைக் குழம்பாகத்தான் வரும். தொலைபேசி தாளுக்குச் செங்குத்தாக நிற்கட்டும். செக்கனுக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்ட வீடியோ போதும். டீசலுக்குப் பதில் நொசில் சோதனைக்கென்று விற்கும் எண்ணெயைப் பாவியுங்கள்.

இங்கே பிழைக்கப் போகிற இடங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மூன்று, நான்கு அடிப்போடு தொட்டி முழுவதும் எண்ணெய்ப் புகார் (நுண்துளி மூட்டம்) நிறைந்து எல்லாமே பச்சையாகத் தெரியும். சிறு உறிஞ்சு விசிறியால் இழுத்துவிட்டுத் தெளியும்வரை காத்திருங்கள். நான்கு துவார நொசிலில் ஒரு தாரை தெரியவில்லை என்றதும் அடைப்பு என்று முடிவுகட்டாதீர்கள். தாள் அந்தத் தாரையை வெட்டாமல் போயிருக்கலாம். நொசிலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி ஒவ்வொரு தாரையையும் தாளுக்குள் கொண்டுவந்து எடுங்கள். தாரையின் நீளத்தை அளந்து எஞ்சினோடு ஒப்பிடாதீர்கள். வெளிக்காற்றின் அடர்த்தி எஞ்சினுக்குள் இருப்பதில் சிறு பங்குதான், சூடும் இல்லை. ஒப்பிட வேண்டியது தாரைகளுக்கிடையிலான சமன், விரிவுக் கோணம், கடைசிச் சொட்டு ஆகியவற்றைத்தான். பக்கத்தில் ஒரு புது நொசிலின் படம் இல்லாமல் பழையதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க வேண்டாம். 200 பாரில் வரும் தாரை தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் குறைவாக இருக்கும். சில மணித்தியாலத்தில் கையே போகக்கூடும். உடனே வைத்தியசாலைக்குப் போய், அழுத்தத்தில் வந்த எண்ணெய் தோலுக்குள் போய்விட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள். புகார் தீப்பற்றும், மூச்சோடு போனால் நுரையீரலுக்குக் கூடாது. மலிவான பச்சை லேசர்களில் சில, எழுதிய அளவுக்கு மேற்பட்ட பலத்தோடு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் விடுகின்றன. தாள் முடியும் இடத்தில் கறுப்பு அடித்த தகடு நிற்கட்டும்; கண்மட்டத்தில் தாளை வைக்கவே கூடாது.

பொறியியல் பீடத்திடமும் பயிற்சி நிறுவகத்திடமும் உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்பது இதுதான். வன்னியில் அதிகம் ஓடும் ரக்ரர்களின் நொசில்களை இலக்கவாரியாக எடுத்து, புதியது, தேய்ந்தது, சொட்டுவது, கம்பியால் குத்தியது என்று ஒரே அளவுத்திட்டத்தில் படமெடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் நொசில் இலக்கத்தையும் திறப்பு அழுத்தத்தையும் தமிழில் எழுதி, கராஜ் சுவரில் ஒட்டக்கூடிய ஒரு தாளாக அச்சிட்டுத் தாருங்கள். சிறுபோக உழவுக்கு முன் அது கைக்கு வந்தால், நொசில் சோதிக்கிறவர்கள் மானியோடு சேர்த்துத் தாரையையும் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

இப்படிக்கு,
இயந்திரவியல் போதனாசிரியர்,
பரந்தன்.